தாலியும் சுவரும்

ஞானஸ்நானம் பெற்ற தமிழர் பொட்டு வைக்கலாமா, மஞ்சள் கயிற்றில் தாலி கட்டலாமா, பெண் வயதுக்கு வந்தால் சடங்கு செய்யலாமா, நல்ல நேரம் பார்க்கலாமா என்ற கேள்விகளுக்கு நானூறு வயது ஆகிறது. இவை அனைத்துக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மனிதர் வாழும் முறையில் எது சமயம், எது வெறும் வழக்கம்? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழ வேண்டும் என்று கிறித்தவ உலகம் கடுமையாக வாதாடிய இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம் எல்லைச் சாவடியைத் தாண்டித் தெற்கே வந்தால் விரியும் சிறிய கடற்கரைப் பகுதி அது. 2011 கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேச மக்களில் கிறித்தவர் சுமார் 6.3 விழுக்காடு மட்டுமே. ஆனால் இங்கே ஒப்பமான ஓர் ஆணையின் பேரில் ரோமாபுரி நாற்பது ஆண்டுகள் விவாதித்தது.

விவாதத்தின் வேர் மதுரையில் இருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். பரங்கியரின் சமயத்தில் சேர்ந்தால் சாதி போய்விடும் என்ற அச்சமே மேல்சாதியாரைத் தடுக்கிறது என்பது அவர் கணிப்பு. குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவை குடிமை வழக்கங்கள், அவற்றில் வழிபாடு இல்லை, எனவே கிறித்தவர் ஆனபிறகும் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதாடினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனாலும் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு இசைவு தந்தார்.

சமயம் வேறு, குடிமை வேறு என்ற இந்தப் பிரிப்பு மிகக் கூர்மையான கருவி. ஐரோப்பிய உடையும் உணவும் பழக்கமும் நற்செய்தியின் பகுதி ஆகா என்று சொல்ல அது வழி திறந்தது. தமிழர் தமிழராக இருந்தபடியே கிறித்தவர் ஆகலாம் என்ற எண்ணம் அதிலிருந்தே கிளைத்தது. அதே கருவி இன்னொரு வேலையும் செய்தது. சாதியும் குடிமை வழக்கம் என்ற பெட்டிக்குள் போடப்பட்டது. வழிபாடு இல்லாதது என்றால் தீங்கற்றது என்று கருதிவிட்டதே இதற்குக் காரணம். வழிபாடே இல்லாத ஒரு வழக்கம் மனிதரை மிதிக்கக்கூடும் என்பதைச் சொல்ல அந்தப் பிரிப்பில் இடமே இல்லை. பின்னால் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு விடுபடலிலிருந்து பிறந்தவை.

புதுச்சேரியில் இரண்டு துறவு சபைகள் இருந்தன. பிரெஞ்சுக்காரரின் ஆன்மிகப் பொறுப்பு கப்புச்சின் சபையிடம் இருந்தது. சயாமில் 1688-இல் நடந்த அரசியல் புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சுச் சேசு சபையினர் தமிழரிடையே பணி செய்தனர். ஊர் வழக்கில் அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. மிஷன் தெருவில் உள்ள மறைமாவட்டப் பேராலயம் சம்பா கோயில். வெள்ளையர் பகுதியில் கடலைப் பார்த்து நிற்பது கப்ஸ் கோயில். சம்பா என்பது 'சான் பவுலோ' என்பதன் திரிபு, கப்ஸ் என்பது கப்புச்சின் என்பதன் சுருக்கம். இரண்டு சபையாருக்கும் இடையே இருந்த பகைமை கொள்கை வேறுபாட்டால் மட்டும் வந்ததென்று சொல்ல முடியாது. யார் பங்கு, யார் ஆடு என்ற போட்டியும் அதில் கலந்திருந்தது.

இந்தச் சூழலில்தான் சீனாவுக்குப் போகும் வழியில் திருத்தந்தையின் தூதர் சார்ல் தோமா மயார் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் இங்கே தங்கினார். உள்நாட்டு மிஷன்களுக்குப் போகவில்லை. விவரங்களை மற்றவர் வாயிலாகவே கேட்டறிந்தார். 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையைப் பிறப்பித்துவிட்டு, அடுத்த சில நாள்களிலேயே கப்பல் ஏறிவிட்டார். இந்த ஆணையும் அதை ஒட்டி எழுந்த சண்டையும் வரலாற்றில் 'மலபார் சடங்குகள்' விவகாரம் என்று பேர் பெற்றன. அந்நாள் ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்ததால் வந்த பெயர் இது. கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

ஆணையின் பதினாறு விதிகளைப் படித்தால் ஒரு தமிழ் வீட்டின் வாழ்க்கை முழுவதும் அதில் தெரியும். ஞானஸ்நானச் சடங்கில் உப்பு, எச்சில், ஊதுதல் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது என்பது ஒரு விதி. எச்சில் என்றதும் தமிழ்ச் செவிக்கு என்ன படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காது கேளாதவர் ஒருவரை இயேசு உமிழ்நீர் தொட்டுக் குணப்படுத்தியதாக மாற்கு நற்செய்தியில் வரும் நிகழ்ச்சியை நினைவுகூர்வதே அந்தச் சடங்கு. அங்கே அது நலம் தரும் அடையாளம். இங்கேயோ எச்சில் பட்ட இலை, எச்சில் பட்ட தண்ணீர் என்று தீட்டின் அடையாளம். ஓர் அடையாளம் வேறு மண்ணில் நேர்மாறான பொருளைத் தருமானால், அதை அப்படியே செய்வது உண்மைக்கு விசுவாசமா, துரோகமா? சேசு சபையினர் அந்தச் சடங்கை விட்டுவிட விரும்பியது சோம்பலால் அன்று. பின்னாளில் மொழியியலும் மானிடவியலும் கேட்கப்போகும் கேள்வியை அவர்கள் தங்கள் வழியில் அப்போதே தொட்டிருந்தனர்.

திருமணம் பற்றிய விதிகள் அதிகம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தாலி கட்டுவது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு, அரசாணிக்கால், தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது, திருஷ்டி கழிக்கத் தட்டுச் சுற்றுவது என்று அடுக்கடுக்காகத் தடைகள் வந்தன. தாலியே கூடாது என்று ஆணை சொல்லவில்லை. அதில் பிள்ளையார் கூடாது என்றது. விளைவு எதிர்பாராதது. உருவம் போனது, கயிறும் கட்டும் முறையும் நின்றன. பொற்கொல்லர் சிலுவை வைத்தும் புறா வைத்தும் தாலி செய்தார்கள். இன்று தமிழ்க் கத்தோலிக்கத் திருமணத்தில் சாமியார் மந்திரித்துக் கொடுக்க மணமகன் கட்டும் தாலி, ரோமாபுரித் திருமணச் சடங்கில் பிறந்ததும் இல்லை, பழைய தமிழ்த் தாலியும் இல்லை. ஒரு தடையும் ஒரு பிடிவாதமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

பெண்கள் பற்றிய இரண்டு விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெண் வயதுக்கு வந்ததை ஊருக்கு அறிவித்துக் கொண்டாடும் சடங்கை ஆணை தடுத்தது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களைக் கோயிலுக்கு வராமலும் பாவசங்கீர்த்தனம் செய்யாமலும் தடுக்கக் கூடாது என்றும் அதே ஆணை சொன்னது. இரண்டாவது விதி இன்றைய வழக்காடுமன்றத்தில் வாசித்தாலும் பழசாகத் தோன்றாது. தூர்னோன் பெண் உரிமை பேசவில்லை. தீட்டு என்ற கருத்துக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என்ற கோட்பாட்டிலிருந்தே அதைச் சொன்னார். மண்ணின் வழக்கத்தை மதிக்கத் தெரிந்த சேசு சபையினர் அந்த இடத்தில் வழக்கத்தின் பக்கம் நின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பண்பாட்டை அறியாத வெளியாள் சொன்னது சரியாகவும், அதை நேசித்தவர்கள் சொன்னது தவறாகவும் இருந்த இடம் இது. பண்பாட்டை மதிப்பது என்றால் அந்தப் பண்பாட்டில் யாரை மதிப்பது என்ற கேள்வி கூடவே வருகிறது.

எல்லாவற்றிலும் கனமான விதி நோயாளிகளைப் பற்றியது. பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்குள் போய் நோயில்பூசுதல் கொடுக்க வேண்டும், நோயாளியை வெளியே தூக்கிவரச் சொல்லக் கூடாது என்றது ஆணை. அந்தக் குடிசைக்குள் நுழைந்த சாமியாரை அதன்பின் வேளாளர் வீட்டில் சேர்க்கமாட்டார்கள், மேல்சாதியாரிடையே மிஷன் அழிந்துவிடும் என்று சேசு சபையினர் முறையிட்டனர். முறையீடுகள் ரோமாபுரிக்குப் போய்வந்தன. ஆணை சிற்சில இடங்களில் தளர்த்தப்பட்டது. பிறகு மிஷனரிகள் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று இறுக்கப்பட்டது. கடைசியில் 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவாக ஒரு ஆணைமடல் விடுத்தார். சேசு சபையினர் முன்வைத்த ஒரு சமரசத்தை அது ஏற்றது: பறையருக்கென்று தனி மிஷனரிகளை அமர்த்தலாம். வாசலைத் தாண்ட வேண்டும் என்று தொடங்கிய விதி, வாசலுக்கு ஒரு சாமியார் என்ற ஏற்பாட்டில் முடிந்தது. சாதி குருத்துவத்துக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டது.

கனகசெட்டிக்குளத்தை ஒட்டிய கணபதிசெட்டிக்குளத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்தவர்கள் தோற்றுவித்த மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் நடத்துவது அது. கேரளத்துப் பழைய கிறித்தவக் குலங்களுக்கும் சாதிப் பெருமை குறைவில்லாமல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதன் வார்டுகளின் ஒழுங்கு சிறிய செய்தி இல்லை. கட்டிலுக்கு எண் உண்டு, சாதி கிடையாது. 1704-இல் ஆணை போட்டும் நடக்காதது இங்கே இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அன்றாடம் நடக்கிறது. நவீன வாழ்க்கை சமயத்தைக் கரைத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. சில இடங்களில் சமயம் சொல்லி முடிக்காத வேலையை நவீன நிறுவனமே முடித்து வைக்கிறது.

1744-இன் ஆணைமடல் வந்த அடுத்த ஆண்டே புதுச்சேரியில் சுவர் விவகாரம் வெடித்தது. பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை வைணவர்; சமயச் சண்டையில் அவருக்குச் சொந்த அக்கறை கிடையாது. ஆனால் ஊர் நடப்பு எதையும் விடாமல் எழுதிவைத்தார். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் அதைக் கண்டு கேள்வி எழுப்ப, பறையர் கிறித்தவர்கள் முறையிட, சுவர் இடிக்கப்பட்டதாகப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அதே சச்சரவின் நடுவே அவர்கள் வீட்டுப் பெண்கள் மெல்லிய துணி உடுத்தி வாசனை பூசிக் கோயிலுக்கு வருவது பற்றியும் சாமியார்கள் கடிந்துகொண்டார்கள். சுவரும் சேலையும் ஒரே வாரத்துச் சண்டையில் சிக்கின என்பது தற்செயல் இல்லை. அந்த வீடுகளில் சாதியின் மானம் பெண்ணின் உடையில்தான் குடியிருந்தது.

அதே 1745-இல் நடந்த இன்னொரு காட்சியையும் பிள்ளை குறித்திருக்கிறார். கிறித்தவரும் தலைமைத் துபாஷியுமான கனகராய முதலியார், இறந்துபோன தம் மகன் நினைவாக ஒழுகரையில் ஒரு கோயில் கட்டினார். அதன் திறப்புக்கு ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும், பிராமணர் முதல் செட்டிகள் வரை, அழைத்து விருந்து வைத்தார். அவரவர் சாதி வழக்கப்படி தனித்தனிச் சமையல், தனித்தனிப் பந்தி. ஒரு பக்கம் பார்த்தால் இது சமயங்களைக் கடந்த பெருந்தன்மை. எந்த விருந்தினரையும் அவர் தர்மசங்கடத்தில் தள்ளவில்லை. இன்னொரு பக்கம் பார்த்தால், ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் சடங்குக்காகக் கட்டிய கட்டடத்தின் வாசலில் பலவகைப் பந்தி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் இந்த ஊரின் கிறித்தவத்தைப் புரிந்துகொள்ளும் சாவி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி கோயிலைவிட்டு, மேரி எனப்பட்ட நகராட்சி அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நகர்ந்தது. பிரெஞ்சு அரசு 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்தியர் ஒருவர் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர வழி செய்தது. அப்படி வந்தவர்கள் ரெனோன்சான்கள், அதாவது துறந்தவர்கள், எனப்பட்டனர். குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக வெளியேற்றப்பட்டு, பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். பிறகு 'லாபோர்த்' என்று பெயர் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

துறந்தவர்களில் கிறித்தவர் கணிசம். பழைய சட்டத்தை விட்டுப் புதிய மனிதராகப் பிறப்பது என்ற ஞானஸ்நானத்தின் வாக்கை, நூற்றாண்டுக்கு மேற்பட்ட சமரசத்துக்குப் பிறகு ஒரு பதிவேட்டின் கையெழுத்து செய்துகாட்டியது. மிகைப்படுத்தவும் கூடாது: பதிவேட்டில் துறந்த சாதியைக் கல்யாணத்தில் துறந்தவர் குறைவு. ஆனால் சட்டத்தின் முன் மனிதர் தனி ஆள், குலத்தின் உறுப்பு மட்டும் இல்லை என்ற கருத்து இங்கே அன்றாட நடைமுறையாயிற்று. இந்திய இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விதிவிலக்கு பின்னாளில் அந்தச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் திருச்சபையே திரும்பிப் பார்த்தது. மலபார் சடங்குகள் பற்றிய சத்தியப்பிரமாணத்தை ரோமாபுரி 1940-இல் நீக்கியது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களின் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சொற்களே மாறின. பூசை திருப்பலி ஆனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. சர்வேசுரன் இறைவனாகவும், அர்ச்சியசிஷ்டவர் புனிதராகவும், சேசு இயேசுவாகவும் மாறினர். பழைய சொற்களில் பல தெ நொபிலி காலத்து வடமொழிக் கலப்பு வழிவந்தவை. புதியவற்றில் தனித்தமிழ் இயக்கத்தின் சாயல் பளிச்சென்று தெரியும். திருச்சபை 'தமிழாகிறது' என்று சொல்லும்போது எந்தத் தமிழ் என்ற கேள்வி எப்போதும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அது மணிப்பிரவாளத் தமிழ், இருபதாம் நூற்றாண்டில் மேடைத் தமிழ். பாட்டிகள் இன்றும் பூசைக்குத்தான் போகிறார்கள்.

பண்பாட்டுமயமாக்கம் என்று அறியப்பட்ட இந்த முயற்சிக்கு இந்திய அளவில் தலைமை தாங்கியவர் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கள்ளேரியில் பிறந்த துறைசாமி அமலோர்பவதாஸ். கர்தினால் லூர்துசாமியின் தம்பி. 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். 1969-இல் ரோமாபுரி ஒப்புதல் தந்த பன்னிரண்டு அம்சங்களில் செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்புவது, ஆரத்தி எடுப்பது, குத்துவிளக்கு ஏற்றுவது போன்றவை இடம்பெற்றன. மரபுவாதிகள் இது இந்துமயமாக்கம் என்றார்கள். அதைவிட ஆழமான மறுப்பு வேறு திசையிலிருந்து வந்தது. ஆரத்தியும் சமஸ்கிருத சுலோகமும் யாருடைய பண்பாடு? கிறித்தவரில் பெரும்பகுதியினர் எந்தக் கோயில்களுக்குள் விடப்படவில்லையோ, அந்தக் கோயில்களின் அடையாளங்களை இப்போது அவர்களுடைய பீடத்தில் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் பண்பாட்டை மீட்பதா?

1980-களில் தலித் இறையியல் என்று பெயர் பெற்ற சிந்தனை இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' அதை இலக்கியமாக்கியது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 'ஒரு உலை' என்பது அவர் வைத்த மையச் சொல். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக, எல்லாரும் சேர்ந்து உண்பதே நற்கருணை என்பது அதன் கருத்து. ஒழுகரையின் தனித்தனிப் பந்திக்கு இருநூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த பதில் என்று அதைப் படிக்கலாம். சமயமா வழக்கமா என்ற பழைய பிரிப்பை அப்பாவு கேட்கவே இல்லை. சேர்ந்து உண்ண விடுகிறதா என்று மட்டும் கேட்டார். ஒரு வழக்கத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய, தெ நொபிலியின் அளவுகோலைவிட இது எளியது, துல்லியமும் கூடியது. பொட்டு அதில் தேறிவிடும், தேங்காயும் தேறிவிடும், சுவர் தேறாது.

நடைமுறை அந்த அளவுக்கு வந்துவிடவில்லை. 2008 மார்ச்சில், புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பாகுபாட்டால் சலித்த தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். மோதலும் போலீஸ் துப்பாக்கிச்சூடும் நடந்தன; இருவர் இறந்தனர். 1744-இல் மேல்சாதியாரைத் தக்கவைக்கத் தனிச் சாமியார் தரப்பட்டார். இப்போது அவமானத்திலிருந்து தப்பிக்கத் தனிப் பங்கைத் தலித்துகளே கேட்க வேண்டியதாயிற்று.

அரசின் பக்கம் இதற்கு நேரெதிரான சிக்கல். 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தவரை மட்டும் அந்தப் பட்டியலில் ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத் தடையை நீக்கச் சொன்னது; 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவராக வாழும் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது இடஒதுக்கீட்டின் நோக்கத்தையே ஏமாற்றுவதாகும் என்பது அதன் சாரம்.

இங்கே இரண்டு தத்துவங்கள் முட்டிக்கொள்கின்றன. சாதி குடிமை சார்ந்தது, எனவே சமயம் மாறினாலும் தொடரலாம் என்றார் தெ நொபிலி. சாதியின் இழிவு சமயம் சார்ந்தது, எனவே சமயம் மாறினால் நீங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1950-இன் ஆணை. தலித் கிறித்தவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். கோயிலுக்குள் முதல் கோட்பாடு அவருக்குப் பொருந்துகிறது, அரசு அலுவலகத்தில் இரண்டாவது. இரண்டிலும் இழப்பு அவருக்குத்தான். சமயம் எது, வழக்கம் எது என்று கோடு போடுபவர் ஒருவர், அந்தக் கோட்டின்மேல் வாழ்பவர் இன்னொருவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உறவுகளின் தளத்தில் விவாதம் இன்று திருமணத்தைச் சுற்றியே நடக்கிறது. இதில் திருச்சபையின் பழைய போதனை பலர் நினைப்பதைவிடப் புதுமையானது. மணமக்கள் இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது இடைக்காலத்திலேயே நிலைபெற்ற கோட்பாடு. 1563-இல் திரிதெந்து சங்கத்தில், பெற்றோர் சம்மதமின்றி நடந்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கப் பிரெஞ்சு மன்னர் தரப்பு வற்புறுத்தியும், சங்கம் அதற்கு உடன்படவில்லை. 1804-இன் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமோ 25 வயதுக்குட்பட்ட ஆணுக்கும் 21 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்கியது. தமிழ் வழக்கில் கல்யாணம் செய்வதே பெற்றோர்தான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் 'செய்துவைக்கிறார்கள்'. ஆக, புரட்சியின் பிள்ளை என்று பெயரெடுத்த சட்டமும் ஊர் வழக்கமும் ஒரு பக்கம் நிற்க, பழமையின் கோட்டை என்று பெயரெடுத்த திருச்சபை, ஏட்டளவிலாவது, காதலர் பக்கம் நின்றிருக்கிறது. ஏட்டளவில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி மாறிக் காதலித்தவருக்குத் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கத் தயங்கிய பங்குகள் தமிழகத்தில் இல்லாமல் போகவில்லை.

சமயம் கடந்த திருமணத்தில் நிலைமை வேறு. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்கத் திருச்சபைச் சட்டப்படி ஆயரின் விலக்களிப்பு வேண்டும். 1917-இன் சட்டத் தொகுப்பில் இரு தரப்பும் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 1970-க்குப் பிறகு கத்தோலிக்கத் தரப்பு மட்டும் தன் நம்பிக்கையைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்களித்தால் போதும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவே. மற்றவரின் மனச்சான்றுக்கும் மதிப்பு உண்டு என்ற ஒப்புதல் இதில் இருக்கிறது. முறிவு பற்றிய விதி கடினமாகவே இருக்கிறது. 2001-இல் திருத்தப்பட்ட பிறகு இந்திய விவாகரத்துச் சட்டம் கிறித்தவப் பெண்களுக்கு ஆண்களோடு சமமான காரணங்களையும், இருவர் இசைவின் பேரிலான விவாகரத்தையும் தருகிறது. திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. தொடக்கத்திலிருந்தே திருமணம் செல்லவில்லை என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த அறிவிப்புக்குச் சட்ட மதிப்பு இல்லை என்பதை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த விசாரணையை எளிமையாக்கினார். ஆனாலும் இரண்டு கதவுகளையும் தட்டியாக வேண்டிய நிலை தொடர்கிறது.

திருமணச் சடங்கில் சாமியார் முதலில் கேட்பது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறீர்களா என்ற பொருளில் அமைந்த கேள்வி. மணமக்கள் ஆம் என்கிறார்கள், பெரும்பாலும் உண்மையாகவே. அதற்குப் பல மாதம் முன்பே வீட்டில் ஒரு விளம்பரம் எழுதப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் தேவைப் பகுதியில் அதைப் பார்க்கலாம்: ஆர்.சி. வன்னியர், ஆர்.சி. உடையார், ஆர்.சி. வேளாளர், ஆர்.சி. ஆதிதிராவிடர் என்று தொடங்கி, வயது, படிப்பு, சம்பளம், நிறம் என்று போகும். முதல் சொல் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து வந்தது. இரண்டாவது, அந்தப் பதிவேடு தொடங்குமுன்பே இருந்தது.